என்ன படித்தவர் என்று கேளுங்கள்!

ஒரு வீடு. எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய வீடு.

அந்த வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. தாத்தா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருக்கிறார். மகனுக்கு வயது 19. மார்பு அகல வேண்டும், புஜம் திரள வேண்டும் என்று ஆசை.

மூவருக்கும் யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை.

"சோறுதான்க்கா விஷம். இன்னையோட விட்டுடுங்க. போன்ல ஒருத்தர் சொல்றாரு. அவர் பேச்சைக் கேட்டு எத்தனையோ பேருக்குச் சர்க்கரையே போயிடுச்சாம்" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

"எலும்பு கூடுற வரைக்கும் அசையவே கூடாது மாமா. மூணு மாசம் அப்படியே படுத்திருங்க" என்றார் பார்க்க வந்த உறவினர்.

"மாசம் ஒரு டப்பா பவுடர் போதும் தம்பி. மூணே மாசத்துல உன் உடம்பைப் பாரு" என்றார் ஜிம் மாஸ்டர். அந்த டப்பாவை விற்றவரும் அவர்தான்.

அம்மா சோற்றை நிறுத்தினார். ஆனால் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டார். காலை பதினோரு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கண் இருண்டது. சமையலறையிலேயே சாய்ந்துவிட்டார்.

தாத்தா படுத்தார், எழவில்லை. காலில் சதை வற்றியது. முதுகில் புண் கண்டது.

மகன் டப்பா டப்பாவாகப் பவுடர் குடித்தான். வீட்டுச் செலவில் துண்டு விழுந்தது. புஜம் மட்டும் திரளவில்லை.

யோசனை சொன்ன மூவரும் கெட்டவர்களா? இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் பாசத்தோடுதான் சொன்னார். உறவினர் அக்கறையோடுதான் சொன்னார். ஜிம் மாஸ்டர்கூட, தாம் கேள்விப்பட்டதைத்தான் சொல்லியிருப்பார். குறை எங்கே? "இதைச் சொல்ல நீங்கள் என்ன படித்தீர்கள்?" என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

செருப்புக்கும் கேள்வி உண்டு

செருப்பு வாங்கும்போது தோலா, ரப்பரா என்று கேட்கிறார்கள். கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தையா என்று புரட்டிப் பார்க்கிறார்கள். வீடு கட்டக் கொத்தனாரைப் பிடிக்கும்போது, முன்பு எங்கே வேலை செய்தார் என்று நான்கு பேரிடம் விசாரிக்கிறார்கள்.

உடம்பு விஷயத்தில் மட்டும் விசாரிப்பது இல்லை. யார் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறார்கள். போனில் ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு பேசினால் போதும்; அவர் டாக்டர்தான்!

இது சின்ன விஷயம் அல்ல. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியோடு நடந்த பெரிய ஆய்வு 2023-ல் தெரிவித்தது. அத்தனை பேருக்கும் உணவு யோசனை வேண்டும். அத்தனை பேரும் உடம்பை அசைக்க வேண்டும். தேவை பெரியது. தேவை பெரியதாக இருக்கும் இடத்தில் அரைகுறைகளும் வந்து கடை விரிப்பது இயற்கை.

அப்படியானால் தகுதி உள்ளவர் யார்? அவரவர் வேலை என்ன?

பத்தியம் சொல்பவர்

வியாதி இன்னது என்று கண்டுபிடிப்பவர் டாக்டர். மாத்திரை எழுதித் தருபவரும் அவரே. மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ சொல்ல அவருக்குத்தான் உரிமை உண்டு.

அந்த வியாதிக்கு ஏற்ற சாப்பாட்டை வகுத்துக் கொடுப்பவர் உணவியல் நிபுணர். 'டயட்டீஷியன்' என்று ஆஸ்பத்திரிகளில் சொல்வார்கள்.

இது புதிய விஷயம் அல்ல. பாட்டி காலத்திலேயே பத்தியம் உண்டு. மருந்து பாதி, பத்தியம் பாதி என்பார்கள். ஆளுக்கு ஆள் பத்தியம் மாறும் என்பதையும் அந்தக் காலத்தவர் அறிந்திருந்தார்கள். டயட்டீஷியன் செய்வது அதே வேலைதான். ஆனால் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, கணக்குப் போட்டுச் செய்கிறார்.

ஓர் உதாரணம்: இளநீர் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெயிலில் அலைந்து வந்தவருக்கு நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் கெட்டுப்போன ஒருவருக்கு அதே இளநீர் ஆபத்தாகலாம். இளநீரில் பொட்டாசியம் என்ற உப்பு நிறைய இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதிகப்படியை வெளியே தள்ளிவிடும். கெட்ட சிறுநீரகத்தால் முடியாது. அது இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஒருவருக்கு அமிர்தம், இன்னொருவருக்கு நஞ்சு!

இன்னோர் உதாரணம்: "சோற்றை விடு, கேழ்வரகுக்கு மாறு" என்கிறார்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம், நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். அதைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறும். சப்பாத்தியும் அப்படித்தான். எதைச் சாப்பிடுகிறார் என்பதோடு எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதும் கணக்கு.

நல்ல டயட்டீஷியன் முதலில் யோசனை சொல்ல மாட்டார். கேள்வி கேட்பார். காலையில் எழுந்தது முதல் என்னென்ன சாப்பிடுகிறீர்கள்? எத்தனை மணிக்கு? என்ன வேலை? என்ன மாத்திரை? வீட்டில் எத்தனை பேர்? இத்தனையும் கேட்ட பிறகு, அந்த வீட்டு வருமானத்துக்குள் அடங்கும் சாப்பாட்டைச் சொல்வார். கூலி வேலை செய்யும் பெண்ணிடம் பாதாம் பருப்பு சாப்பிடு என்று சொல்பவர் படித்திருக்கலாம். வேலை தெரிந்தவர் அல்ல.

அந்த வீட்டு அம்மா ஒரு டயட்டீஷியனைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சர்க்கரைக்கான சில மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து வரும். இதை அவர் முதலில் சொல்லியிருப்பார். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பும் காயும் கீரையும் கூட்டி, வேளை தவறாமல் சாப்பிடச் சொல்லியிருப்பார். மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருப்பார்.

இந்த வேலைக்குப் படிப்பு என்ன? உணவியல், சத்துணவியல் அல்லது மனையியல் பாடத்தில் மூன்று ஆண்டு பட்டப் படிப்பு. பிறகு மேற்படிப்பு அல்லது டிப்ளமா. அதோடு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பக்கத்தில் நின்று பயிற்சி. இந்திய உணவியல் சங்கம் பரீட்சை வைத்து, தேறியவர்களைப் பதிவு செய்கிறது. அவர்கள் பெயருக்குப் பின்னால் 'ஆர்.டி.' என்று போட்டுக்கொள்வார்கள்.

எழுப்பி நிறுத்துபவர்

தாத்தாவுக்கு வேண்டியவர் பிசியோதெரபிஸ்ட். இயன்முறை மருத்துவர் என்றும் சொல்வார்கள். இவருக்கும் காலேஜில் நான்கு ஆண்டுக்கும் மேற்பட்ட படிப்பு உண்டு. எலும்பு, சதை, நரம்பு எல்லாவற்றையும் படித்து, ஆஸ்பத்திரியிலும் பயிற்சி பெற்று வருகிறார்.

இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனவரை மூன்று மாதம் படுக்க வைப்பது பழைய எண்ணம். இப்போது பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே டாக்டரின் சொற்படி எழுப்பி நிறுத்திவிடுகிறார்கள். ஏன்? படுத்தே கிடந்தால் சதை வற்றும். காலில் இரத்தம் உறையும். நுரையீரலில் சளி கட்டும். முதுகில் புண் வரும். விழுந்ததில் பிழைத்த முதியவர் படுக்கையால் மாண்டுபோவது உண்டு.

எந்தக் காலை எவ்வளவு மடக்கலாம், எந்த நாளில் எத்தனை அடி நடக்கலாம் என்று சொல்லிக் கொடுப்பது பிசியோதெரபிஸ்டின் வேலை. பக்கவாதம் வந்தவரின் கையைப் பழக்குவதும் அவர் வேலையே. எண்ணெய் தேய்த்து உருவி விடுபவர் வேறு, இவர் வேறு.

உடற்பயிற்சி சொல்லித் தருபவர்

மகனுக்கு வேண்டியவர் நல்ல பயிற்சியாளர். ஜிம்முக்குப் போவதில் தவறே இல்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேர்க்க விறுவிறுக்க நடக்கவோ உழைக்கவோ வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும். பிள்ளைகள் தினம் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட யோசனையில் சொல்லியிருக்கிறது.

உடற்பயிற்சிக் கல்வி சென்னைக்குப் புதிது அல்ல. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-லேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்களில் 'டிரில் மாஸ்டர்' என்று பிள்ளைகள் அழைத்த எத்தனையோ ஆசிரியர்கள் அங்கே படித்து வந்தவர்கள். இப்போது பட்டம் பெற்றபின் இரண்டு ஆண்டு பி.பி.எட். படித்து உடற்பயிற்சி ஆசிரியர் ஆகிறவர்கள் உண்டு.

ஜிம் மாஸ்டர்கள் கதை அப்படி அல்ல. பட்டம் படித்தவரும் இருக்கிறார். சில வாரப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவரும் இருக்கிறார். ஒன்றும் படிக்காமல், தம் உடம்பையே சான்றிதழாகக் காட்டுபவரும் இருக்கிறார். தம் உடம்பை வளர்க்கத் தெரிவது ஒன்று. பிறர் உடம்பைக் கெடுக்காமல் வளர்க்கத் தெரிவது வேறொன்று.

நல்ல பயிற்சியாளர் முதல் நாளே எடையைத் தூக்கச் சொல்ல மாட்டார். நெஞ்சு வலி உண்டா, மயக்கம் உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, வீட்டில் யாராவது சின்ன வயதில் மாரடைப்பால் இறந்தது உண்டா என்று கேட்பார். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அனுப்புவார். கொஞ்சம் கொஞ்சமாகப் பளுவைக் கூட்டுவார். வியாதிக்குப் பத்தியம் சொல்ல மாட்டார். ஊசி போடவே மாட்டார்.

சதை திரளச் சில இடங்களில் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். அது டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாத மருந்து. இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும், ஆண்மையையும் கெடுக்கும். 19 வயதுப் பிள்ளைக்கு அது தரப்பட்டால் யோசனை என்ற பேச்சுக்கே இடம் இல்லை, அது குற்றம்.

பவுடர் விஷயம் என்ன? ஹைதராபாத்தில் உள்ள தேசிய சத்துணவு நிலையம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பு வளர்க்கப் புரதப் பவுடரை நம்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. முட்டை, பருப்பு, கடலை, பால், மீன் இவற்றிலேயே வேண்டிய புரதம் கிடைக்கும். "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது பழமொழி. வாணியன் என்றால் எண்ணெய் ஆட்டி விற்பவர். நல்ல சாப்பாட்டுக்குச் செலவு செய்தால் மருந்துச் செலவு மிச்சம் என்பது கருத்து. டப்பாக்காரனுக்குக் கொடு என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை!

குன்னூரில் பிறந்த அறிவு

இந்தச் சத்துணவு அறிவு சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் ஒரு பகுதி நீலகிரி மலையிலேயே பிறந்தது.

1918-ல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் ஒரு சின்ன ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். 'பெரிபெரி' என்ற வியாதி ஏன் வருகிறது என்பதே முதல் கேள்வி. அரிசியை வெள்ளை வெளேர் என்று தீட்டும்போது, தவிட்டோடு ஒரு வைட்டமினும் போய்விடுகிறது. சோற்றையே பெரிதும் நம்பி வாழ்பவருக்கு அதனால் கால் வீங்குகிறது, நரம்பு தளர்கிறது, இதயம் சோர்கிறது. நெல்லை அவித்துக் குத்தும் புழுங்கல் அரிசியிலோ அந்த வைட்டமின் பெரும்பகுதி தங்கிவிடுகிறது.

பிறகு அவர் எலிகளை வளர்த்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடும் சாப்பாட்டைத் தனித் தனியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் காயும் சேர்ந்த சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழு என்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை மட்டும் பெரிதும் நம்பிய எலிகள் இளைத்தன. சோறு விஷம் என்பது இதன் பொருள் அல்ல. சோற்றோடு என்ன சேருகிறது என்பதே கேள்வி.

குன்னூர்க் கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. 1969-ல் தேசிய சத்துணவு நிலையம் என்று பெயர் பெற்றது. நூறு ஆண்டுக்கு மேலாக எத்தனையோ பேர் உழைத்துச் சேர்த்த அறிவு இது. இதைப் படித்துப் பரீட்சை எழுதி வந்தவரும், நேற்று இரவு போனில் பார்த்தவரும் ஒன்றாவார்களா?

சட்டம் என்ன சொல்கிறது?

டாக்டருக்குப் பதிவு உண்டு. நர்சுக்குப் பதிவு உண்டு. உணவு யோசனை சொல்பவருக்கு நெடுங்காலம் நாடு தழுவிய சட்டம் எதுவும் இல்லை. யாரும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தது.

2021-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. டயட்டீஷியன், சத்துணவு நிபுணர், பிசியோதெரபிஸ்ட் முதலானவர்களை அது பத்துப் பிரிவுகளாகப் பட்டியல் இடுகிறது. சுகாதாரத் தொழில் நிபுணர் என்று பெயர் பெற, மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள் 3,600 மணி நேரமாவது படித்துப் பட்டம் வாங்க வேண்டும் என்கிறது. தேசியக் கமிஷனும் மாநிலக் கவுன்சில்களும் அமைத்துப் பெயர்ப் பதிவு நடத்த வேண்டும் என்கிறது. ஜிம் மாஸ்டர் இந்தப் பட்டியலில் இல்லை.

நல்ல சட்டம். ஆனால் நடைமுறை மெதுவாக நகர்ந்தது. 2024-ல் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு, சட்டத்தைச் சீக்கிரம் நிறைவேற்றும்படி மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று.

சட்டப் புத்தகத்தில் இருக்கும் பாதுகாப்பு, சமையலறையில் சாய்ந்த அம்மாவுக்கு உதவாது. பதிவு பெற்றவர்களின் பெயரைப் பொதுமக்கள் எளிதில் பார்க்கும்படி, தமிழில் வெளியிட வேண்டும். ஒவ்வொரு ஜிம்மின் சுவரிலும் பயிற்சியாளரின் படிப்பு எழுதப்பட வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் டயட்டீஷியன் உட்கார வேண்டும். படித்தவரைப் பார்க்க வழி இல்லாதவர்தான் படிக்காதவரிடம் போகிறார்.

பணம் இல்லாதவர் எங்கே போவது?

வழி அடியோடு இல்லை என்பதில்லை. அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் டயட்டீஷியனையும் பிசியோதெரபிஸ்டையும் கேட்டுப் பார்க்கலாம். டாக்டரிடமே, "எனக்குச் சாப்பாட்டு யோசனை சொல்ல யாரைப் பார்க்கணுங்க?" என்று கேட்கலாம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தர ஏற்பாடு செய்யப்பட்டது. படுக்கையில் இருப்பவருக்குப் பிசியோதெரபியும் வீட்டிலேயே தர ஏற்பாடு ஆனது. தாத்தா போன்றவர்களுக்காகவே வந்த திட்டம் அது.

கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அங்கன்வாடி உண்டு. 1975-ல் தொடங்கிய திட்டம். குழந்தையை எடை போடுவதும், சத்துமாவு கொடுப்பதும், எடை குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் அங்கன்வாடி ஊழியரின் வேலை. அவர் சொல்வதை அலட்சியம் செய்யக் கூடாது.

ஐந்து கேள்விகள்

யோசனை சொல்ல யார் வந்தாலும் ஐந்து கேள்வி கேட்கலாம்.

ஒன்று: என்ன படித்தீர்கள்? எங்கே படித்தீர்கள்?

இரண்டு: உங்கள் பெயர் எங்காவது பதிவாகி இருக்கிறதா?

மூன்று: என் வியாதியையும் மாத்திரையையும் கேட்டுவிட்டுச் சொல்கிறீர்களா, எல்லோருக்கும் சொல்வதையே எனக்கும் சொல்கிறீர்களா?

நான்கு: இதை என் டாக்டரிடம் காட்டலாமா?

ஐந்து: நீங்கள் விற்கும் பொருள் எதையாவது நான் வாங்க வேண்டுமா?

படித்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். "மாத்திரையை நிறுத்து" என்பவர், "இத்தனை நாளில் நிச்சயம் குணம்" என்பவர், "டாக்டரிடம் சொல்லாதே" என்பவர் — இந்த மூவரையும் கண்டால் வாசலோடு வழியனுப்பிவிட வேண்டும்.

தகுதி உள்ளவரை அறிய இன்னோர் அடையாளமும் உண்டு. தம் எல்லை அவருக்குத் தெரியும். "இது என் வேலை இல்லை, அவரைப் போய்ப் பாருங்கள்" என்று சொல்லத் தயங்க மாட்டார். எல்லாம் தெரியும் என்பவரிடம்தான் பயப்பட வேண்டும்.

அந்த வீட்டு அம்மா பிழைத்துக்கொண்டார். நல்ல வேளையாக மகன் வீட்டில் இருந்தான். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தான். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். அங்கே டயட்டீஷியன் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். தட்டில் சோறு திரும்பி வந்தது, அளவாக வந்தது. தாத்தா இப்போது கம்பை ஊன்றித் திண்ணை வரை நடக்கிறார். டப்பாவுக்குப் போன பணத்தில் வீட்டில் எல்லோருக்கும் முட்டை வருகிறது.

எல்லா வீட்டிலும் மகன் அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பான் என்று சொல்ல முடியாது. ஆகையால் கேள்வி முன்கூட்டியே வர வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் கேட்கலாம். எழுத்தே தெரியாதவரும் கேட்கலாம்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் இன்றே தொடங்கட்டும்!